ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் போதும்: பிளைட் பாராமெடிக் பதில்கள்

ஏர் ஆம்புலன்ஸ் வேலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல வருடங்களாக அந்த வேலையில் இருக்கும் ஒரு பிளைட் பாராமெடிக் இந்த இதழில் பதில் சொல்கிறார். கேள்வி அனுப்பியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: அக்கா, நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பிளைட் பாராமெடிக் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் வீட்டில், அது என்ன, டாக்டரா நர்ஸா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எப்படிச் சேர்வது என்றும் சொல்லுங்கள். (ஒரு மாணவி)

பதில்: இரண்டும் இல்லை தங்கச்சி. விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், குறைமாதக் குழந்தை என எதுவாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்கு வெளியே, போகிற வழியிலேயே உயிரைப் பிடித்து வைக்கப் பயிற்சி பெற்றவர்தான் பாராமெடிக். அந்த வேலையை ஹெலிகாப்டரிலோ சிறிய விமானத்திலோ செய்கிறவர் பிளைட் பாராமெடிக். கூட யார் வருவார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு பாராமெடிக்கும் ஒரு நர்ஸும், பிரிட்டனில் பல இடங்களில் ஒரு டாக்டரும் ஒரு பாராமெடிக்கும், ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளுக்குப் பறக்கும் விமானங்களில் பல நேரம் பைலட்டும் ஒரு நர்ஸும் மட்டும்தான்.

சேர்வதற்கு முதலில் பாராமெடிக் படிப்பு. அப்புறம் தரையில் ஓடும் ஆம்புலன்ஸில் சில வருட அனுபவம். 3 முதல் 5 ஆண்டுகள் என்று பல இடங்களில் கேட்பார்கள். அந்த வருடங்களைக் குறைக்க வழி தேடாதே. தரையில் சிக்கல் வந்தால் இன்னொரு வண்டியைக் கூப்பிடலாம், பக்கத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிடலாம், மேலே ஏறிவிட்டால் நீயும் உன் பார்ட்னரும் மட்டும்தான். அதற்குப் பிறகு வென்டிலேட்டர், ரத்தம் ஏற்றுவது, ஐ.சி.யூ.வில் பயன்படும் மருந்துகள், உயரத்தில் உடம்பு எப்படி மாறும் என்ற பாடம் எல்லாம் வரும். இதற்கென்றே எஃப்.பி.-சி. என்று ஒரு சான்றிதழ்த் தேர்வும் இருக்கிறது. உடல் எடைக்கு வரம்பு உண்டு, ஹெல்மெட், பூட்ஸ், உடுப்பு எல்லாம் போட்டுக்கொண்டே எடை பார்ப்பார்கள். வீட்டில் கேட்டால், “ஐ.சி.யூ.வை நோயாளியிடம் கொண்டுபோகிற வேலை” என்று சொல். அது போதும்.

கேள்வி: நான் தரை ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக இருக்கிறேன். நாங்களும் அதே மருந்து, அதே மானிட்டர், அதே வென்டிலேட்டர்தான் வைத்திருக்கிறோம். மேலே போனால் மட்டும் என்ன பெரிய வித்தியாசம்?

பதில்: தம்பி, உங்கள் காதை எடுத்துவிட்டு வேலை செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? முதல் வித்தியாசம் அதுதான். ஹெலிகாப்டர் சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் தொங்கும் அலங்காரம். மானிட்டர் அலாரம் அடித்தால் காதில் விழாது. நோயாளி “மூச்சு முட்டுது” என்று முனகினாலும் விழாது. ஆகவே எல்லாமே கண்ணுக்கும் கைக்கும் மாறிவிடுகிறது: நெஞ்சு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா, வெளிவிடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு காட்டும் அலை ஒழுங்காக வருகிறதா, உதட்டின் நிறம் என்ன, கையைப் பிடித்தால் நாடி எப்படி அடிக்கிறது. அதிர்வில் ரத்த அழுத்தக் கருவிகூடத் தப்பான எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பி மருந்தை ஏற்றுவதா, மறுபடி எடுத்துப் பார்ப்பதா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டும்.

அடுத்தது காற்று. மேலே போகப் போகச் சுற்றியுள்ள அழுத்தம் குறையும், அடைபட்ட காற்று விரியும். மலை உச்சியில் குடித்துவிட்டு இறுக்கி மூடிய தண்ணீர் பாட்டில் அடிவாரத்துக்கு வந்ததும் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் உடம்புக்குள்ளும் நடக்கிறது, ஏறும்போது தலைகீழாக. நோயாளியை ஏற்றிச் செல்லும் ஜெட் விமானத்துக்குள் காற்றழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல இருக்கும். 8,000 அடியில் அடைபட்ட காற்றின் கனஅளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று கசிந்திருக்கிறது, தரையில் எக்ஸ்ரேயில் பார்த்தால் “சின்னதுதான், கவனித்துக்கொள்ளலாம்” என்று விட்டிருப்பார்கள், அதுவே மேலே இதயத்தை அழுத்தும் அளவுக்கு வளரலாம். அதனால்தான் நாங்கள் கிளம்புமுன் நெஞ்சில் குழாய் வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் வாதாடிக்கொண்டு நிற்கிறோம். மூச்சுக்குழாயில் போட்ட டியூபைச் சுற்றி, காற்று கசியாமல் அடைக்கும் சின்ன பலூனான கஃப்பின் அழுத்தமும் அப்படித்தான். 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் என்ற அளவில் நிற்க வேண்டியது, ஏறும்போது கூடி மூச்சுக்குழாய்ச் சுவரை நசுக்கும், இறங்கும்போது குறைந்து காற்று கசியும். ஏறும்போதும் இறங்கும்போதும் அளந்து பார்த்துச் சரிசெய்யணும். ஹெலிகாப்டர் பெரும்பாலும் தாழ்வாகப் பறப்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் மலையைத் தாண்ட வேண்டியிருந்தால் அங்கேயும் இதே கதைதான். ஆழ்கடலில் இருந்து வேகமாக மேலே வந்து ரத்தத்தில் குமிழி கண்ட நீச்சல்காரரை 300 மீட்டர் உயரத்துக்குக் கீழேயே வைத்துப் பறக்கப் பார்ப்போம், இல்லையென்றால் கேபின் அழுத்தத்தைக் கடல் மட்ட அளவிலேயே வைக்கக்கூடிய விமானம் வேண்டும்.

ஆக்சிஜனும் அப்படியே. 8,000 அடிக் காற்றை மூச்சில் இழுப்பது, கடல் மட்டத்தில் 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றை இழுப்பதற்குச் சமம். தரையில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 92 சதவீதம் காட்டிய நோயாளி மேலே அங்கேயே நிற்பார் என்று நம்பக் கூடாது. அதனால் கணக்கு முன்கூட்டியே போடணும். நிமிடத்துக்கு 15 லிட்டர், பயணம் ஒரு மணி நேரம் என்றால் 900 லிட்டர். அதோடு பாதியைக் கூட்டி 1,350 லிட்டர் இருந்தால்தான் நான் ஏறுவேன், ஏனென்றால் காற்று எதிர்த்து வீசினாலோ, இறங்கவேண்டிய ஆஸ்பத்திரி மாறினாலோ வழியில் சிலிண்டர் மாற்ற இடம் கிடையாது.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவருக்குக் குளிர் ஏறினால் ரத்தம் உறைவது கெடும், ரத்தம் நிற்காது. வெட்டிய சட்டையோடு அப்படியே ஏற்றிவிட்டால் நாமே அவரைக் கொல்வதுபோல் ஆகிவிடும். போர்வையும் சூடேற்றிய திரவமும் மருந்துக்குச் சமமானவை.

எல்லாவற்றையும் விட இடம். சின்ன ஹெலிகாப்டரில் பெல்ட் போட்டு உட்கார்ந்தால் என் கைக்கு நோயாளியின் தலையும் ஒரு தோளும்தான் எட்டும், மிச்சமெல்லாம் பார்ட்னரின் பக்கம். நெஞ்சை அழுத்தி உயிர்மீட்பு செய்யச் சரியான இடம் இருக்காது. அதனால் மேலே கெட்டுப்போகக்கூடியது எது என்று தரையிலேயே யோசித்து, அதைத் தரையிலேயே முடித்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு “ஹெலிகாப்டர் வந்துவிட்டது, இன்னும் ஏன் நிற்கிறார்கள்” என்று கோபம் வரும். நீங்களாவது அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமாவுக்கு விபத்து நடந்த இரவில் ஏர் ஆம்புலன்ஸ் கேட்டோம். வானிலை சரியில்லை என்று மறுத்துவிட்டார்கள். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு துளி மழை இல்லை. தரைவழியாகக் கொண்டுபோனோம், அவர் பிழைக்கவில்லை. உயிரைக் காப்பாற்றத்தானே இந்த வேலை? வந்திருக்க வேண்டாமா?

பதில்: உங்கள் மாமா போனதற்கு நான் மனதார வருந்துகிறேன். அந்த இரவில் அந்தக் குழு என்ன பார்த்தது என்று எனக்குத் தெரியாது, அதனால் அவர்கள் செய்தது சரி என்றோ தப்பு என்றோ நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் இப்படி ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை உங்களுக்கு முழுதாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அழைப்பு வரும்போது பைலட்டிடம் நோயாளி யார் என்று சொல்லமாட்டார்கள். எங்கிருந்து எங்கே, எவ்வளவு எடை, அவ்வளவுதான். நான்கு வயதுக் குழந்தையா, கர்ப்பிணியா, இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவார் என்ற எதுவும் பைலட் காதுக்குப் போகக் கூடாது என்பதைப் பல சேவைகளில் விதியாகவே வைத்திருக்கிறார்கள். அவருக்கு இரக்கம் இல்லை என்பதால் அல்ல, இரக்கம் இருக்கிறது என்பதால்தான். குழந்தை என்று தெரிந்துவிட்டால் சந்தேகமான மேகமும் “போய்ப் பார்க்கலாமே” என்று தோன்றும். அப்படிப் போய்ப் பார்த்தவர்கள் பலர் திரும்பவில்லை.

பைலட் சரி என்று சொன்னாலும் அதோடு முடிந்துவிடுவதில்லை. போவதற்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும், வேண்டாம் என்பதற்கு ஒருவர் போதும். அந்த ஒருவர் நேற்றுச் சேர்ந்தவராக இருக்கலாம், வெறுமனே “எனக்குச் சரியாகப் படவில்லை” என்று மட்டும் சொல்லியிருக்கலாம். யாரும் அவரிடம் வாதாடக் கூடாது, பிறகு தனியாகப் பிடித்து ஏன் என்று குடையவும் கூடாது. நான் எங்கள் வேலையின் தோழமை என்று சொல்வது இதைத்தான். கட்டிப்பிடிப்பதும் தோளில் தட்டுவதும் அப்புறம். என் பக்கத்தில் இருப்பவர் பயப்படுகிறார் என்றால் அந்தப் பயத்துக்கு என் துணிச்சலைவிட அதிக மதிப்பு உண்டு என்று மூன்று பேரும் நம்புவது.

இது ரத்தத்தில் எழுதப்பட்ட விதி. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தின் ஃபிளைட் இன்ஜினியர், எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். மிக மூத்தவரான கேப்டன் விலகிவிட்டது என்று அழுத்திச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். சரியான கேள்வி அந்த அறைக்குள்ளேயே இருந்தது, அதற்கு வலு இல்லாமல் போனது. இதுபோன்ற விபத்துகளை ஆராய்ந்து 1979-இல் நாசா நடத்திய கூட்டத்திலிருந்துதான், சின்னவர் பேசவும் பெரியவர் கேட்கவும் பழக்குகிற பயிற்சி விமானத் துறைக்குள் வந்தது. எங்களுக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் துறைக்கே தனியாகவும் பாடம் கிடைத்தது. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு மருத்துவ ஹெலிகாப்டர்களுக்கு மிகக் கொடிய ஆண்டாக இருந்தது. 2009-இல் அங்கே பகிரங்க விசாரணை நடந்தது, 2014-இல் புதிய விதிகள் வந்தன: தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி, கிளம்புமுன் ஆபத்தை எடைபோட்டு எழுதும் முறை, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தகுதி பெற்ற பைலட். அந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப வந்த கதை என்ன தெரியுமா? இரவு, மோசமான வானிலை, கண்ணால் பார்த்துப் பறந்துகொண்டிருந்தவர் தெரியாமல் மேகத்துக்குள் நுழைந்துவிடுவது. உள்ளே போனதும் எது மேல், எது கீழ் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு பொய் சொல்லும். நீங்கள் நின்ற இடத்தில் மழை இல்லாமல் இருந்திருக்கலாம். வழியில் தாழ்ந்த மேகமோ, பள்ளத்தாக்கில் பனிமூட்டமோ, இறங்கவேண்டிய இடத்தில் மூடுபனியோ இருந்தாலும் முடிவு அதேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஒரு குழு வானிலையைக் காரணம் காட்டி மறுத்தால் அடுத்த நிறுவனத்தைக் கூப்பிடும்போது அதை மறைக்காதீர்கள். அப்படி மறைத்துக் கேட்டுக் கிளம்பி விழுந்த ஹெலிகாப்டர்கள் உண்டு. சில சேவைகளில் பறக்க முடியாத இரவில் அதே குழு, அதே பெட்டிகளோடு சாலைவழியாக வரும். “பறக்க முடியாவிட்டால் வண்டியில் வருவீர்களா?” என்று கேளுங்கள். நியாயமான கேள்வி அது.

கேள்வி: அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்கள், என்னை ஏற்றவில்லை. கெஞ்சியும் கேட்கவில்லை. ஏன்?

பதில்: இடமும் எடையும்தான் காரணம். வெயில் நேரத்திலும் உயரமான இடத்திலும் காற்று லேசாக இருக்கும், அப்போது ஹெலிகாப்டர் தூக்கக்கூடிய எடை இன்னும் குறையும். ஒவ்வொரு கிலோவும் எரிபொருளோடு கணக்கில் வரும். சின்னக் குழந்தையோடு தாயை ஏற்றுவதுபோலச் சில இடங்களில் விதிவிலக்கு உண்டு. ஆனால் கெஞ்சிய உங்களிடம் ஒரு நிமிடம் நின்று இதைச் சொல்லியிருக்க வேண்டும், அம்மாவின் கையைப் பிடித்துப் பேசவிட்டிருக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்கிறோம். கதவு மூடுமுன் அந்த ஒரு நிமிடத்தை யார் கேட்டாலும் கொடுக்கச் சொல்லித்தான் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

கேள்வி: பன்னிரண்டு மணி நேரம், சில இடங்களில் இருபத்துநாலு மணி நேரம் அதே மூன்று பேர். சண்டை வராதா? எல்லோரும் நெருங்கிய நண்பர்களா, அல்லது வெளியில் அப்படிக் காட்டிக்கொள்கிறீர்களா? (ஆஸ்பத்திரி செவிலியர் ஒருவர்)

பதில்: சண்டை வரும் மேடம். நண்பர்களாக இருந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. நான் மிகவும் நம்பிப் பறந்த சிலரின் வீடு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் எனக்கும் பிடித்தவை வேறு, அரசியல் வேறு. ஆனால் அவர் டியூட்டியில் இருந்தால் நான் நிம்மதியாக ஏறுவேன்.

அந்த நம்பிக்கை வானத்தில் வருவதில்லை, வேலை இல்லாத நேரத்தில் வருகிறது. ஷிப்ட் தொடங்கியதும் பைகளைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணுவோம். ஒருவர் வாசிப்பார், ஒருவர் தொட்டுக் காட்டுவார். தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, மருந்தின் தேதி என்ன, சளியை உறிஞ்சும் சக்ஷன் கருவி இழுக்கிறதா. முந்தைய ஷிப்டில் இருந்தவர் எனக்கு எவ்வளவு வேண்டியவர் என்றாலும் அவர் சீல் வைத்த பையையும் திறந்துதான் பார்ப்பேன், அவரும் என் பையை அப்படியே பார்ப்பார். வெளியாருக்கு இது சந்தேகம்போலத் தெரியும். எங்களுக்குள் மரியாதை என்பதே அதுதான், ஏனென்றால் களைத்துப்போன கை எதையாவது விட்டிருக்கும், அதைப் பிடிக்க இன்னொரு கை இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

அப்புறம் பயிற்சி. அதே பொம்மையில் அதே மூச்சுக்குழாயை மறுபடி மறுபடி போடுவோம், கண்ணைக் கட்டிக்கொண்டு பையில் கைவிட்டுச் சாமானை எடுத்துப் பார்ப்போம். இப்படி மாதக்கணக்கில் பழகிய பிறகு, நான் கையை நீட்டும்போது கேட்காமலே வேண்டியது கையில் வந்து விழும். இன்டர்காமில் பார்ட்னர் “ம்” என்று சொல்கிற விதத்திலேயே மானிட்டரில் ஏதோ பிடிக்கவில்லை என்று புரியும்.

புறப்படும்போதும் இறங்கும்போதும் தேவையற்ற பேச்சு கிடையாது, எல்லோரும் வெளியே பார்க்கணும். பாராமெடிக்கும் அப்போது பைலட்டின் கண்தான். இரவில், இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடி மாட்டினால் பார்வை சுமார் 40 டிகிரிக்குள் அடங்கிவிடும், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மின்கம்பி கண்ணில் படாது, கம்பம்தான் படும். கம்பத்தைப் பார்த்து, கம்பி எந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து “இடப்பக்கம் கம்பி” என்று சொல்லணும். நோயாளி எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒருவராவது வெளியே பார்த்தே ஆகவேண்டும்.

கருத்து வேறுபாடு வந்தால் எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. மேலே வாதாடுவதில்லை. இருவரில் யார் சொல்வது நோயாளிக்கு ஆபத்துக் குறைந்ததோ அதைச் செய்துவிட்டு, இறங்கிய பிறகு பேசுவோம். அந்தப் பேச்சு பெரும்பாலும் கேபினைக் கழுவும்போது நடக்கும். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, குப்பையைக் கட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசும்போது உண்மை எளிதாக வரும். “அந்த மருந்தை இன்னும் முன்னாடி கொடுத்திருக்கலாம்” என்று அங்கே சொன்னால் யாருக்கும் வலிக்காது. பைலட்டும் துடைக்கும் துணியோடு வந்து நிற்பார். அதுவரை நோயாளியைப் பற்றி எதுவும் கேட்காமல் இருந்தவர் அப்போதுதான் மெதுவாகக் கேட்பார், “எப்படி இருக்காங்க?”

தோழமை என்றால் ஹெலிகாப்டருக்குள் இருப்பவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். பல வேலைகளைச் சுமந்துகொண்டு ராத்திரியெல்லாம் இயந்திரத்தைப் பார்த்துப் பூட்டும் மெக்கானிக் கையெழுத்துப் போட்டால்தான் நாங்கள் பறப்போம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எங்கள் இடத்தைக் குறித்த இடைவெளியில் குறித்துக்கொண்டே இருப்பார். நாங்கள் பதில் சொல்லாவிட்டால் தேடுவதற்கான ஏற்பாடு உடனே தொடங்கும். நாங்கள் பத்திரமாக இறங்கிவிட்டோம் என்று சொன்னதும் அந்தக் குரலில் வருகிற நிம்மதியைக் கேட்டுப் பழகியவர்கள், முகம் தெரியாத அந்த ஆளைக் குடும்பம் என்றுதான் நினைப்பார்கள்.

கேள்வி: பயமாக இருக்காதா?

பதில்: இருக்கும். பயம் சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்கிறவரோடு பறக்க எனக்கு விருப்பம் இல்லை.

கேள்வி: ஹெலிகாப்டரில் நோயாளியை ஏற்றுவது எப்போது தொடங்கியது? போரில் என்று படித்தேன்.

பதில்: விமானத்தில் அதற்கு முன்பே. ஆஸ்திரேலியாவில் 1928 மே மாதம் கிளான்கரி என்ற ஊரிலிருந்து ஒரு டாக்டரும் பைலட்டும் கிளம்பிய பயணத்தோடு ராயல் ஃபிளையிங் டாக்டர் சேவை தொடங்கியது. ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் பல ஆண்டுகள் போராடிக் கொண்டுவந்தது அது. ஹெலிகாப்டர் 1944 ஏப்ரலில், பர்மாவில். கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க பைலட் சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரில் எதிரிகளின் பகுதிக்குள் போய், கீழே விழுந்த விமானத்தின் பைலட்டையும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களையும் மீட்டார். அந்த வெக்கையில் இயந்திரத்தால் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது, அதனால் ஒவ்வொருவராக.

அப்புறம் கொரியப் போரில் காயம்பட்டவர்களை ஹெலிகாப்டருக்கு வெளியே, பக்கவாட்டில் பொருத்திய ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வேகமாக வந்தது உண்மை, ஆனால் வழியில் மூச்சு நின்றால் பார்க்க ஆள் இல்லை. வியட்நாம் போரில்தான் நோயாளியும் உள்ளே, பக்கத்தில் முதலுதவி செய்யும் ஒரு மெடிக்கும் உள்ளே என்று வழக்கமானது. என்னைக் கேட்டால் எங்கள் வேலை பிறந்தது அங்கேதான். பொதுமக்களுக்காக மியூனிக்கில் 1970 நவம்பர் 1 அன்று கிறிஸ்டோஃப் 1 என்ற ஹெலிகாப்டர் டாக்டரோடு பறக்கத் தொடங்கியது, 1972-இல் அமெரிக்காவின் டென்வரில் ஓர் ஆஸ்பத்திரி தன் நர்ஸுகளோடு தொடங்கியது. லண்டனில் 1989. இப்போது அங்கே ரத்தத்தையே கூடக் கொண்டுபோய் விபத்து நடந்த இடத்தில் ஏற்றுகிறார்கள்.

கேள்வி: என் கணவர் உங்களைப் போலத்தான் பறக்கிறார். மோசமான ஷிப்ட் முடிந்து வந்தால் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனால் டீம் ஆட்களோடு போனில் மணிக்கணக்கில் பேசுகிறார். நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை அம்மா. அவர்களிடம் பேசுவது அவர்கள்மேல் அன்பு அதிகம் என்பதால் இல்லை. அவர்களிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை. “அந்தப் பையன்” என்று சொன்னாலே அவர்களுக்கு எல்லாம் தெரியும். உங்களிடம் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்லணும், சொல்லும்போது மறுபடி அதைப் பார்க்கணும், அப்புறம் அந்தப் படம் உங்கள் தலைக்குள்ளும் வந்துவிடும். அதைத்தான் அவர் தவிர்க்கிறார், பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டு.

வாயைத் திறந்து கொட்டினால்தான் சரியாகும் என்று வற்புறுத்தாதீர்கள். அதிர்ச்சிக்குப் பிறகு ஒரே தடவை கட்டாயமாக உட்காரவைத்துப் பேசவைப்பதைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, 2002-இல், அது மன அழுத்த நோயைத் தடுப்பதில்லை, அப்படிக் கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்றே முடிவு சொன்னது. பல சேவைகளில் அதற்குப் பதிலாக, பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவர் தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருப்பார். வீட்டில் தேவைப்படுவது தூக்கம், வழக்கமான வேலைகள், பக்கத்தில் ஒரு ஆள். “இன்று கஷ்டமான நாளா? சரி, பேசத் தோன்றும்போது பேசுங்கள்” என்பது போதும்.

ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் கெட்ட கனவு, சட்டென்று எரிந்து விழுவது, குறிப்பிட்ட சாலையையோ இடத்தையோ தவிர்ப்பது, குடி கூடுவது என்று தொடர்ந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். மனநல மருத்துவர் வேண்டும், மற்ற காயத்துக்கு வைத்தியம் பார்ப்பதைப்போலவே. கணவரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவருடைய பார்ட்னரிடம் சொல்லுங்கள். தாராளமாகப் போன் பண்ணுங்கள். பார்ட்னர்கள் இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார்கள். சில நேரம் நீங்கள் கூப்பிடுவதற்காகவே காத்திருப்பார்கள். உங்கள் கணவர் இதைப் படித்தால் அவருக்கும் சொல்கிறேன்: தம்பி, டீமிடம் பேசுவது நல்லது, பேசு. ஆனால் வீட்டில் இருப்பவரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டாம் என்றாலும், “இன்று எனக்கு மனசு சரியில்லை, உன்மேல் கோபம் இல்லை” என்ற ஒரு வரியையாவது சொல்லிவிடு.

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஏர் ஆம்புலன்ஸ் இறங்கினால் பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும்? (பள்ளி ஆசிரியர்)

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி சார், மாணவர்களுக்கும் சொல்லுங்கள். மேலே கம்பி இல்லாத, சமமான, சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர் இடம் வேண்டும். காகிதம், பிளாஸ்டிக், துணி, தொப்பி எல்லாவற்றையும் முன்கூட்டியே அப்புறப்படுத்தணும், அந்தக் காற்றில் அவை பறந்து இயந்திரத்துக்குள் போகும். பக்கத்தில் மின்கம்பி இருந்தால் தகவல் சொல்லும்போதே முதலில் அதைச் சொல்லுங்கள். குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் தள்ளி வையுங்கள். இரவில் பைலட்டை நோக்கி டார்ச்சோ மொபைல் ஃபிளாஷோ அடிக்காதீர்கள், சில நொடிகள் அவருக்கு ஒன்றும் தெரியாமல் போகும்.

இறங்கியதும் ஓடிவராதீர்கள். பின்பக்கம் சுழலும் வால் விசிறி வேகமாகச் சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது, அந்தப் பக்கம் போகவே கூடாது. சரிவான இடம் என்றால் மேட்டிலிருந்து இறங்கி வரக் கூடாது, மேல் விசிறி அந்தப் பக்கம் தரைக்கு அருகில் இருக்கும். தாழ்வான பக்கத்திலிருந்துதான் வரணும். குடையோ கம்போ எதையும் தலைக்கு மேலே தூக்காதீர்கள். பைலட்டின் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கத்தில், தள்ளி நில்லுங்கள். நோயாளியின் பழைய மருந்துச் சீட்டு, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, எப்போது தொடங்கியது, வீட்டாரின் போன் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். எங்களில் ஒருவர் இறங்கி உங்களிடம் வருவார், அவரிடம் கொடுங்கள். அவர் வரும்வரை நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள்.